குரைப்பும் வலிமையும்

உலக மக்கள் பல மொழி பேசுவோராயினும், அவர்தம் பட்டறிவு பெரும்பாலும் ஒன்றேயாகும். இவ்வுண்மையைப் பழமொழிகள் இனிது புலப்படுத்துகின்றன. "குரைக்கிற நாய் கடிக்காது" என்பது நம் நாட்டில் சிறுவரும் அறிந்த பழமொழி. வெற்று மிரட்டலைக் குறித்து ஜப்பான் நாட்டிலும் இதனையொத்த பழமொழி ஒன்று வழங்குகின்றது.

"யொவாய் இனு ஹொதொ யொகு ஹொஎரு" என்பது அது. 'யொவாய்' என்பதற்கு வலியற்ற என்பது பொருள். 'இனு' நாயைக் குறிக்கும். 'ஹொதொ' அளவையும், 'யொகு' மிகுதியையும் உணர்த்தும். 'ஹொஎரு' என்பது குரைக்கும் என்னும் வினை. தமிழிற் போலவே அம்மொழியிலும் வினை இறுதியில் நிற்றல் காண்க. "நாய் எவ்வளவு வலியற்றதோ, அவ்வளவு மிகுதியாகக் குரைக்கும்" என்பது இதன் திரண்ட கருத்து.

நாயினத்தை இகழ்தல் இதன் நோக்கமன்று. 1925-ஆம் ஆண்டில் இறந்த தன் தலைவனை எதிர்நோக்கி, ஷிபுயா புகைவண்டி நிலையத்தில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த ஹாச்சி என்னும் நாய்க்கு, அது உயிரோடிருந்த 1934-ஆம் ஆண்டிலேயே சிலை எடுத்த நாடு ஜப்பான். பழமொழி சுட்டுவது மாந்தருள் ஒரு சாராரின் இயல்பையே.

இவ்விரு பழமொழிகளையும் ஒப்பிட்டு நோக்குவோம். நம் பழமொழி குரைப்பின் விளைவைக் கூறுகின்றது. கடி வாராது, அஞ்சற்க எனக் கேட்போனைத் தேற்றுகின்றது. ஜப்பானியப் பழமொழியோ குரைப்பின் காரணத்தைக் கூறுகின்றது. உள்ளே அச்சம் பெருகுந்தோறும் வெளியே ஆரவாரம் பெருகும் என்பது அதன் கருத்து. ஆதலின் அது மிரட்டப்படுவோனுக்கு மட்டுமன்றி, மிரட்டுவோனுக்கும் அறிவுரையாகின்றது.

இதனை யான் என் வாழ்விலேயே உணர்ந்தேன். ஆசிரியப் பணி ஏற்ற முதலாண்டில், வகுப்பை அடக்க அறியாது, "உங்களுள் ஒருவனையும் தேறவிடேன்!" என நாள்தோறும் முழங்குவேன். மாணவர் முதல் நாள் அஞ்சினர். மூன்றாம் நாள் தமக்குள் நகைத்தனர். அடுத்த அறையில் முதிய ஆசிரியர் ஒருவர் மெல்லிய குரலில் பாடஞ் சொல்லுவார். அங்கே ஊசி விழும் ஓசையும் கேட்கும். அவர்க்குப் பாடத்தில் ஐயமில்லை. எனக்கோ என்மீதே நம்பிக்கையில்லை. என் முழக்கத்தின் காரணம் அன்று விளங்கிற்று.

"ஆற்றலுடைய பருந்து தன் நகங்களை மறைக்கும்" என்பது மற்றொரு ஜப்பானியப் பழமொழி. வலியுடையோன் அதனைப் பறைசாற்றித் திரியான் என்பதே இதன் பொருள். தோற்றபின் தொலைவில் நின்று வசை கூறுவோனை, "தோற்ற நாயின் தொலை ஊளை" என அவர்கள் குறிப்பிடுவர்.

எனினும், குரைப்போர் எல்லாரும் தீங்கற்றவர் எனக் கருதி அவரைச் சீண்டுதல் அறியாமையாகும். "வழியற்ற எலி பூனையையும் கடிக்கும்" என்று அந்நாட்டார் எச்சரித்துள்ளனர். வலியற்றவனுக்கும் தப்பும் வழியொன்று விட்டுவைத்தலே அறிவுடைமை.

பழமொழியைப் பயன்படுத்துவதிலும் கருத்து வேண்டும். சினந்து நிற்கும் ஒருவன் முகத்துக்கு நேரே இதனைக் கூறின், அது வசையாகிப் பூசலை வளர்க்கும். கூறியவனும் அப்பொழுதே குரைக்கத் தொடங்கியவன் ஆவான். பிறன் மிரட்டுங்கால் இதனை நெஞ்சில் நினைந்து அமைதி கொள்க. தன் குரல் உயருங்கால், "யான் எதற்கு அஞ்சுகின்றேன்?" எனத் தன்னையே வினவுக. பிறரை அளப்பதற்கு மட்டுமன்றித் தம்மை அளப்பதற்கும் கொள்ளும்போதே பழமொழி முழுப்பயன் தரும்.