பிரித்தலும் பங்கிடுதலும்

ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டத்தின் வழியே கீழ்பவானி வாய்க்கால் செல்கிறது. பவானிசாகர் அணையில் தொடங்கி ஏறத்தாழ 200 கி.மீ. நீளும் இவ்வாய்க்கால், ஈரோடு, திருப்பூர், கரூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் 2,07,000 ஏக்கர் நிலத்திற்குப் பாசனம் தருகிறது. இந்நீரை உழவர்க்கு உரியவாறு அளிக்கும் செயலை எந்த வினைச்சொல்லால் குறிப்பது? பிரித்தல், பகிர்தல், ஒதுக்குதல், வகுத்தல், பங்கிடுதல் எனப் பல சொற்கள் தமிழில் உள்ளன. இவை ஒரே பொருளைத் தருவன போலத் தோன்றினும் ஒவ்வொன்றும் தனித்த பொருள் நுட்பம் உடையது.

ஆங்கிலத்தில் 'அப்போர்ஷன்' என்றொரு வினைச்சொல் உண்டு. சட்டம், கணக்கியல், நீர் மேலாண்மை ஆகிய துறைகளில் இது மிகுதியாக வழங்குகிறது. இதனை மொழிபெயர்க்கும் மாணவர் பலர் 'பிரி' என்று எழுதிவிடுகின்றனர். அச்சொல் மூன்று செய்திகளை உள்ளடக்கியது. முதலாவது, பங்கிடப்படும் பொருள். இரண்டாவது, அதில் உரிமை கொண்டோர். மூன்றாவது, யாருக்கு எவ்வளவு என்பதை முடிவுசெய்யும் அளவுகோல். இம்மூன்றையும் சுமக்கும் தமிழ்ச்சொல் எது என ஆராய்வோம்.

'நிலத்தைப் பிரித்தனர்' என்னும் தொடர், ஒன்று பலவானதை மட்டும் உணர்த்துகிறது. 'தோழியோடு உணவைப் பகிர்ந்தாள்' என்னும்போது கொடுப்பவரும் ஒரு பங்கைத் தமக்கென வைத்துக்கொள்கிறார். அங்கே அன்பு உண்டு, அளவுகோல் இல்லை. 'பள்ளிக்கு நிதி ஒதுக்கினர்' என்பது ஒருவருக்குரிய பகுதியைத் தனியே எடுத்து வைத்ததைக் கூறும். எஞ்சியது யாருக்கு என்பதைக் கூறாது. 'பங்கிடு' என்னும் சொல்லோ உரிமையுடையோர் அனைவரையும் ஒருங்கே நினைவூட்டுகிறது. தேர்தல் காலத்தில் தொகுதிப் பங்கீடு என்றும், இரு மாநிலங்களுக்கு இடையே நதிநீர்ப் பங்கீடு என்றும் வழங்குவது இதனால்தான்.

'வகு' என்பதும் இங்குக் கருதத்தக்கது. முறை என்னும் பொருளுடைய 'வகை' இதனடியாகப் பிறந்த சொல். பொருள் வரும் வழிகளை இயற்றல், ஈட்டல், காத்தல் ஆகியவற்றை அடுத்து, நான்காவதாக வகுத்தலையும் அரசின் திறன்களுள் ஒன்றாகத் திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் வைக்கிறது. ஈட்டிய பொருளை முறைப்படி வகுக்கத் தெரியாத அரசு, அரசாகாது என்பது அதன் கருத்து.

இனி, வாய்க்காலுக்கு வருவோம். கீழ்பவானிப் பாசனப்பரப்பு 1,03,500 ஏக்கர் வீதம் இரு பாதிகளாக அமைக்கப்பட்டுள்ளது. முதன்மை வாய்க்காலின் இரட்டைப்படை மதகுகளும் சென்னசமுத்திரம் பகிர்மான வாய்க்காலின் ஒற்றைப்படை மதகுகளும் ஒரு பாதி. எஞ்சிய மதகுகள் மறு பாதி. ஒரு பாதிக்கு வழக்கமாக ஆகஸ்டு 15 முதல் 120 நாள்கள் நன்செய்ப் பாசனத்திற்காக ஏறத்தாழ 24 டி.எம்.சி. நீர் திறக்கப்படும். மறு பாதிக்கு அதன்பின் புன்செய்ப் பயிருக்காக ஏறத்தாழ 12 டி.எம்.சி. திறக்கப்படும். மறு ஆண்டில் இம்முறை மாறும். ஓராண்டை மட்டும் நோக்கினால் இது சமமற்றது. ஈராண்டைச் சேர்த்து நோக்கினால் சமமானது. 'நீரைப் பிரித்தனர்' என்று எழுதினால் இந்த நுட்பம் முழுதும் மறைந்துவிடும்.

பவானி ஆறு கலக்கும் காவிரியிலும் இதனைக் காணலாம். 2007இல் நடுவர் மன்றம் தமிழ்நாட்டிற்கு மாநில எல்லையில் 192 டி.எம்.சி. வழங்க வேண்டும் என்றது. 2018இல் உச்சநீதிமன்றம் அதனை 177.25 டி.எம்.சி. ஆக்கியது. குறைந்த 14.75 டி.எம்.சி.யில் 10க்குத் தமிழ்நாட்டின் நிலத்தடி நீரும் 4.75க்குப் பெங்களூருவின் குடிநீர்த் தேவையும் காரணங்களாகக் கூறப்பட்டன. இக்காரணங்களை ஏற்கலாம், மறுக்கலாம். காரணம் கூறப்பட்டிருப்பதால்தான் மறுக்கவும் இயலுகிறது.

அதே ஆங்கிலச்சொல், பழியோடும் சேர்ந்து வரும். இரு வாகனங்கள் மோதிய வழக்கில் ஓட்டுநர் ஒவ்வொருவருக்கும் எத்தனை விழுக்காடு பொறுப்பு என்பதை நீதிமன்றம் முடிவுசெய்யும். இதனைப் 'பழியைப் பகிர்ந்தனர்' என்று பெயர்த்தால், இருவரும் விரும்பி ஏற்றதாகப் பொருள் திரிந்துவிடும். 'எவருக்கு எவ்வளவு பொறுப்பு என வகுத்தது' என்பதே பொருந்தும்.

அளவுகோலுக்குள் அடங்காத பங்கும் உண்டு. மண்வாய்க்காலில் ஓடும் நீரின் ஒரு பகுதி கசிந்து, அருகிலுள்ள கிணறுகளை நிரப்புகிறது. வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் அமைக்கும் திட்டம் எழுந்தபோது உழவரிடையே இரு கருத்துகள் தோன்றின. நீர் குறையாமல் கடைமடையைச் சேரவேண்டும் என்றனர் ஒரு சாரார். கசிவு நின்றால் கிணறுகள் வற்றும் என்றனர் மற்றொரு சாரார். கசிவுநீர் யாருடைய பங்கு என்பது மதகுக் கணக்கில் எழுதப்படாத வினா. உரிமையுடையோர் யாவர் என்பதை முதலில் அறிந்தால்தான் பங்கீடு முழுமை பெறும்.

எனவே, பங்கீட்டைப் பற்றி எழுதும்போதும் படிக்கும்போதும் எதை, யாருக்கு, எந்த அளவுகோலால் என்னும் மூன்று வினாக்களை எழுப்புங்கள். 'பிரிக்கப்பட்டது' என்று முடியும் தொடரில் இவற்றுக்கு விடை இல்லையெனில், அங்கு யாரோ ஒருவரின் பங்கு சொல்லப்படாமல் இருக்கலாம்.

கற்பவை கற்றபின்

1. பகிர், ஒதுக்கு, வகு, பங்கிடு ஆகிய வினைகளைப் பொருள் வேறுபாடு விளங்கத் தொடர்களில் அமைக்க.
2. உங்கள் ஊரில் நீர் முறைவைத்து வழங்கப்படும் விதத்தைப் பெரியோரிடம் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் எழுதுக.