வவுச்சர் சரி, பணம் எப்போ வரும்?

"வரிப்பணத்தைப் பெற்றோர் கையில் கொடு; பிடிச்ச பள்ளியை அவங்களே தேர்ந்தெடுக்கட்டும்." பள்ளி வவுச்சருக்கான வாதம் இவ்வளவுதான். கேட்க நல்லாத்தான் இருக்கு.

நான் வசிக்கும் டொராண்டோவில் இது பழைய சண்டை. ஒன்டாரியோவில் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு அரசு நிதி உண்டு. மற்ற மதப் பள்ளிகளுக்கு இல்லை. 2001இல் கன்சர்வேடிவ் அரசு தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு வரிச்சலுகை அறிவித்தது. 2003இல் வந்த லிபரல் அரசு அதை ரத்து செய்தது. 2007இல் எல்லா மதப் பள்ளிகளுக்கும் நிதி என்ற ஜான் டோரி, தேர்தலில் தோற்றார். போட்டியிட்ட தொகுதியிலும் தோற்றார்.

நம்ம ஊரில்? கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடம், பெயர்தான் வேறு, கிட்டத்தட்ட வவுச்சரேதான். மத்திய, மாநில அரசுகளின் நிதிச் சண்டையில் தமிழகத்தில் 2025-26 சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தது. வகுப்பு தொடங்கியதோ ஜூனில். கட்டணம் கட்ட வழியில்லாதவர்கள் அதுவரை என்ன செய்வார்கள்?

சரி, பலன் உண்டா? ஆந்திரத்தில் குலுக்கல் முறையில் வவுச்சர் கொடுத்துப் பார்த்த கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் ஆய்வு 2015இல் வெளியானது. நாலு வருஷம் கழித்தும் தெலுங்கிலும் கணக்கிலும் வித்தியாசமில்லை, இந்தியில் முன்னேற்றம். ஆனால் தனியார் பள்ளிக்கு ஆன செலவு, அரசுப் பள்ளிச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. காரணம், ஆசிரியர் சம்பளம் குறைவு. ஆதரிப்பவர்கள் செலவை மட்டும் சொல்கிறார்கள். எதிர்ப்பவர்கள் மதிப்பெண்ணை மட்டும்.

இலவசம் எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம் யார் கட்டுவது? வவுச்சர் வேணுமா வேண்டாமா என்று மோதுவதற்கு முன், கொடுத்த வாக்குக்கான பணத்தை ஜூனிலேயே கொடுங்கள். அரசுகள் சண்டை போட நேரம் இருக்கு. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கு இல்லை.