அறுவடைக்கும் உண்டு ஒரு பருவம்

மத்திய பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் ஜூன், ஜூலை மாதங்களில் மழையை நம்பி விதைக்கப்படும் சோயா மொச்சை, செப்டம்பர் இறுதியிலிருந்து அறுவடைக்கு வருகிறது. தென்மேற்குப் பருவமழை விடைபெறும் காலமும் அதுவே. இத்தருணத்தில் எடுக்கும் முடிவு அந்த ஆண்டின் விளைச்சலை மட்டுமல்ல, அடுத்த ஆண்டின் விதைப்பையும் தீர்மானிக்கிறது.

விதை முழு எடையையும் உச்ச வீரியத்தையும் எட்டும்போது அதன் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டியிருக்கும். அதன் பிறகு விதை வளர்வதில்லை. உலர மட்டுமே செய்கிறது. அப்போதே அறுத்தால் விதை சுருங்கும், கதிரடிக்கையில் நசுங்கும், குவியலில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே இலைகள் உதிர்ந்து, 95 சதவீதக் காய்கள் பழுப்பேறி, ஈரப்பதம் 15 சதவீதத்தை நெருங்கும் வரை காத்திருப்பதே முறை.

காத்திருப்புக்கும் எல்லை உண்டு. ஈரப்பதம் 12 சதவீதத்துக்கும் கீழே இறங்கினால் காய்கள் வெடித்து விதைகள் சிதறத் தொடங்கும். சதுர மீட்டருக்கு 40 விதைகள் உதிர்ந்தால், ஹெக்டேருக்கு ஏறத்தாழ 50 கிலோ மண்ணுக்குப் போகிறது.

இதைவிடப் பெரிய இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. சோயா விதையின் மேலுறை மெல்லியது. முளைவேர் அதனடியிலேயே இருக்கிறது. முதிர்ந்த காய் மழையில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் மாறி மாறி வதைபடும்போது மேலுறை விரிசல் கண்டு, பூஞ்சைகள் நுழைகின்றன. எண்ணெய் ஆலைக்கு ஏற்புடையதாகத் தோன்றும் அந்த விதை, நிலத்தில் முளைக்காமல் போகலாம். சான்று விதைக்கு நம் நாட்டில் விதிக்கப்பட்ட குறைந்தபட்ச முளைப்புத்திறன் 70 சதவீதம். சொந்த விளைச்சலிலிருந்தே விதை எடுத்துவைக்கும் சிறு விவசாயிக்கு அந்த அளவு குறைவது, மறுவிதைப்புச் செலவாகவே முடியும்.

நாளைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாலும், விவசாயி தனித்து இழப்பைத் தவிர்த்துவிட முடியாது. குறைந்தபட்ச ஆதரவு விலையில் கொள்முதல் செய்ய ஈரப்பத வரம்பு 12 சதவீதம். அறுவடைக்கு ஏற்ற நிலையோ அதைவிடச் சற்று அதிகம். 2024 நவம்பரில் அந்தப் பருவத்துக்கு மட்டும் வரம்பு 15 சதவீதமாகத் தளர்த்தப்பட்டது. ஆண்டுதோறும் விலக்கு கோரும் நிலையைவிட, ஊர்தோறும் உலர்களமும் ஈரப்பதமானியும் கிடைக்கச் செய்வதே நிலையான தீர்வு. உலர்த்த இடம் இருந்தால்தான், மழைக்கு முந்திக்கொள்ளும் துணிவு விவசாயிக்கு வரும்.