பழைய பாலியல் குற்ற வழக்குகளில் ஊடகத்தின் பங்கு: இங்கிலாந்து

இங்கிலாந்தில் கடுமையான குற்றங்களுக்குக் காலவரம்பு இல்லை. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த பாலியல் குற்றத்திற்கும் இன்று வழக்குத் தொடரலாம். ஆனால் அத்தனை காலம் கழித்துத் தடயமோ மருத்துவச் சான்றோ பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஒருவரையொருவர் அறியாத பலர் ஒரே ஆளைப் பற்றி ஒத்த விவரம் சொல்வதே அரசுத் தரப்பின் பெரிய பலம்.

தொலைக்காட்சிப் பிரபலம் ஜிம்மி சவிலை 2009-இல் சர்ரே காவல்துறை விசாரித்தது, வழக்கு தொடரப்படவில்லை. புகார் கூறிய பெண்களுக்கு, தங்களைப் போல வேறு சிலரும் புகார் கூறியிருப்பது தெரிவிக்கப்படவில்லை. தெரிந்திருந்தால் சாட்சி சொல்லியிருப்போம் என்று அவர்களில் சிலர் பின்னர் கூறியதை 2013-ஆம் ஆண்டு மறுஆய்வு அறிக்கை பதிவுசெய்துள்ளது. சவில் 2011-இல் இறந்தார். அவ்வாண்டே பிபிசி தொடங்கிய ஒரு புலனாய்வு ஒளிபரப்பாகாமல் கைவிடப்பட்டது. 2012 அக்டோபரில் ஐடிவி ஓர் ஆவணப்படத்தை ஒளிபரப்பியதும் நிலைமை மாறியது. சவில் குறித்து ஏறத்தாழ 450 பேர் காவல்துறையிடம் தகவல் தந்தனர். 214 குற்றங்கள் பதிவாயின. இறந்தவர் மீது வழக்கு நடத்த முடியாது. ஆயினும் அதையொட்டி எழுந்த 'யூட்ரீ' விசாரணையில் மாக்ஸ் கிளிஃபர்ட், ரால்ஃப் ஹாரிஸ் இருவரும் 2014-இல் தண்டனை பெற்றனர்.

சிக்கலும் இங்கேதான் உள்ளது. எல்லோரும் ஒரே நிகழ்ச்சியைப் பார்த்திருந்தால், சாட்சியங்கள் ஒத்திருப்பதற்கு அதுவே காரணம் என்று எதிர்த்தரப்பு வாதிடும். சாட்சியங்கள் ஒன்றையொன்று பாதித்தனவா என்பதை முடிவுசெய்வது பொதுவாக ஜூரியின் வேலை என்று பிரபுக்கள் அவை 1995-இல் தீர்ப்பளித்தது. சட்டம் தெரியாத பன்னிரண்டு பேருக்கு இது எளிதான வேலை அன்று.

ஊடகம் தவறியதும் உண்டு. முன்னாள் பிரதமர் உள்ளிட்டோர் மீது கார்ல் பீச் கூறிய புகார்களைச் செய்தி ஊடகங்கள் பரப்பின; 2014-இல் காவல் அதிகாரி ஒருவரே அவை உண்மை என்று வெளிப்படையாகச் சொன்னார். புகார்கள் பொய்யென நிரூபணமாகி, 2019-இல் பீச் 18 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பாடகர் கிளிஃப் ரிச்சர்டின் வீட்டில் 2014-இல் நடந்த சோதனையை பிபிசி ஹெலிகாப்டரிலிருந்து படம்பிடித்துக் காட்டியது. அவர் மீது குற்றச்சாட்டே பதிவாகவில்லை. 2018-இல் அவருக்கு 2,10,000 பவுண்டு இழப்பீடு வழங்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

குற்றச்சாட்டு பதிவாகும் முன், விசாரணைக்கு உள்ளானவர் பொதுவாகத் தம் தனியுரிமை காக்கப்படும் என எதிர்பார்க்கலாம் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2022-இல் கூறியது. பெயர் வெளிவராவிட்டால், பாதிக்கப்பட்ட மற்றவர்கள் 2009-இல் அந்தப் பெண்கள் இருந்தது போலவே தனித்தனியாக இருந்துவிடுவார்கள் என்பது இதை எதிர்ப்போரின் வாதம்.