துண்டு என்னும் சொல்

தேயிலைத் தோட்ட வரலாறு எழுதுவோர் துரைமாரின் பெயர்களையே முதற்கண் தருவர். இலங்கை மலையகத்தில் லூல்கந்துரா தோட்டத்தில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் என்பார் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டமை பலரும் அறிந்தது. தோட்டங்களைத் திருத்திய தமிழ்க் கூலியாட்களின் பெயர்கள் அத்துணை எளிதிற் கிடைப்பனவல்ல. எனினும் அவர் வாயில் வழங்கிய சொற்கள் சான்றாகின்றன. அவற்றுள் 'துண்டு' என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

காப்பித் தோட்டக் காலந்தொட்டு மதுரை, திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களில் ஆள் திரட்டியவன் கங்காணி. இன்றைய விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூர், திருவில்லிபுத்தூர்ப் பகுதிகள் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்தவை. ஆதலின் இவ்வரலாறு இவ்வட்டாரத்திற்கும் உரியது. சோழர் கல்வெட்டுகளில் கோயிற் செயல்களை மேற்பார்த்தோரைக் குறித்த 'கண்காணி' என்னும் சொல் மருவி, கடன் கொடுத்து ஆள் சேர்ப்பவன் பெயராயிற்று. சொல்லுக்கு நேர்ந்த இழிவு இதுவெனலாம்.

வழிச்செலவு, முன்பணம் முதலியன ஆட்களின் பெயரிற் கடனாக எழுதப்பட்டன. கங்காணியோ துரைக்குக் கடன்பட்டவன். அவன் தன் ஆட்களோடு வேறு தோட்டத்திற்குப் போக விரும்பின், துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். இக் கங்காணியும் ஆட்களும் இத்துணை ரூபாய் கடன்பட்டுள்ளனர். அதனைச் செலுத்துவார்க்கு இவர்களை விடுவிப்பேன் என்பது அதன் பொருள். அச்சீட்டே துண்டு. புதிய தோட்டத்தார் தொகையைச் செலுத்தி ஆட்களைப் பெறுவர். அதனாற் கடன் தீர்ந்ததோ எனின், இல்லை. கடன் கொடுத்தவர் மாறினார், அவ்வளவே.

அடிமை முறை இந்தியாவில் 1843-இலும் இலங்கையில் 1844-இலும் சட்டத்தால் நீங்கியது. எனவே சட்டம் இவர்களை அடிமைகள் என்னாது. ஆயினும் 1865-ஆம் ஆண்டு இலங்கைச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் மீறி வேலையை விட்டு நீங்கினோர் சிறை செல்ல நேர்ந்தது.

பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதியவர் காட்டிய ஆளோலையை இங்கு நினைத்தல் தகும். (இறைவன் திருவிளையாடலைத் துரைமார் செயலோடு ஒப்பிடலாமோ எனின், ஒப்பு ஆவணத்தளவிலேயே என்க.) அவ்வோலை அடிமை என்பதை ஒளிக்கவில்லை, வழிவழி அடிமை என்றே கூறிற்று. அதனால் அவையோர் அதன் கையெழுத்தை ஒப்புநோக்கி ஆராய முடிந்தது. துண்டோ ஆளை விற்றதாக எங்கும் கூறாது. தொகையை மட்டுமே கூறும். விற்பனையென்று எழுதப்படாத ஒன்றை விற்பனையென்று வழக்காடுவது எங்ஙனம்? ஆளோலையினும் துண்டு கொடிதாயது இவ்விடத்தே என்பது என் துணிபு.

துண்டு முறை 1921-இல் சட்டத்தால் ஒழிந்தது. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது. ஈண்டும் ஆட்கள் தொகையாகவே எண்ணப்பட்டனர். தோட்டங்கள் 1972, 1975-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தங்களால் அரசுடைமையாயின.

இந்தியாவில் முன்பணத்திற்கு ஈடாக உழைப்பைக் கட்டுவதனை 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் குற்றமாக்கிற்று. சிவகாசி வட்டாரத்துப் பட்டாசுத் தொழிலில் 'முன்பணம்' என்னும் சொல் இன்றும் வழங்குகிறது. அதனைக் கொடுப்போர் எப்பொருளிற் கூறுகின்றனர், பெறுவோர் எப்பொருளிற் கொள்கின்றனர் என்பன முதுகலை மாணவர் நேரிற் சென்று தொகுக்கத்தக்கன.