பேறுகாலத் தாயின் உளநலமும் உடலியக்கமும்

பிள்ளைப்பேற்றிலே தாய் உயிர் துறத்தல் ஒரு காலத்தில் எம் நாட்டில் அரிய நிகழ்ச்சியன்று. 1930களில் இலங்கையில் 100,000 உயிர்ப்பிறப்புக்களுக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 2019ஆம் ஆண்டளவில் அத்தொகை ஏறத்தாழ 30 ஆகக் குறைந்துவிட்டது. இம்மாற்றம் பெருஞ்செல்வத்தால் விளைந்ததன்று. 1926இல் களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்ட பின்னர், பயிற்சி பெற்ற மருத்துவமாதரை வீடுதோறும் அனுப்பும் முறை நாடெங்கும் பரவியது. அம்முறையும், இலவச மருத்துவமும், பெண்கல்வியும் சேர்ந்தே இதனைச் சாதித்தன. தாயின் உடலைக் காப்பதில் இத்துணை வெற்றி கண்ட நாடு அவளது உள்ளத்தைக் காப்பதற்கு யாது செய்தல் வேண்டும் என்பதனைத் திருக்கோணமலை மாவட்டத்தை முன்வைத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேற்றை ஒட்டி வரும் உளத்தாக்கங்களை அறிஞர் மூவகைப்படுத்துவர். முதலாவது, பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரையிலே தோன்றும் மனக்கலக்கம். காரணமின்றிக் கண்ணீர் பெருகும், சிறுசொல்லும் சுடும். தாய்மாரிற் பாதிப்பேருக்கு மேல் இதனை அனுபவிப்பர். ஆறுதலும் உறக்கமும் கிடைப்பின் இரண்டு வாரத்துள் இது தானே நீங்கும். இரண்டாவது, மனச்சோர்வு நோய். இது கருவுற்ற காலத்திலேயே தொடங்குதலும் உண்டு. பேற்றின்பின் ஓராண்டுக்குள் எப்பொழுதாயினும் தோன்றுதலும் உண்டு. எதிலும் விருப்பின்மை, பிள்ளை உறங்கும்போதும் தாய்க்கு உறக்கம் வாராமை, பசியின்மை, தான் நல்ல தாயல்லள் என்னும் ஓயாத குற்றவுணர்வு என்பன இரண்டு வாரத்துக்கு மேல் நீடிப்பின் அவை இந்நோயின் குறிகளாம். மூன்றாவது, சித்தக்கலக்கம். ஆயிரம் தாய்மாரில் ஒருவருக்கோ இருவருக்கோ, பெரும்பாலும் முதலிரு வாரங்களில், இது வரும். இல்லாத குரல் கேட்டல், பொருந்தாத அச்சம், தொடர்பற்ற பேச்சு என்பன கண்டால் அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். பேய்க்கோளாறு எனக் கொண்டு நாள் கடத்துவது தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்தாகும்.

இவற்றுள் மனச்சோர்வே பலரைப் பற்றுவது. எளிதில் மறைந்திருப்பதும் அதுவே. வளர்முக நாடுகளிற் பிள்ளை பெற்ற தாய்மாருள் ஐவரில் ஒருவர் அளவிற்கு உளநோயால், பெரிதும் மனச்சோர்வால், வருந்துகின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. தமிழ்நாட்டின் கிராமப்புறத்தில் 359 கருவுற்ற தாய்மாரைத் தொடர்ந்து நோக்கி 2002இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, பேற்றின்பின் நூற்றுக்குப் பதினொருவர் புதிதாக இந்நோய்க்கு ஆளானமையைக் கண்டது. குறைந்த வருமானம், ஆண் மகவை எதிர்பார்த்த வீட்டிற் பெண் பிறந்தமை, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கருவுற்ற காலத்து நேர்ந்த துன்பங்கள், வேலையிற் கைகொடுப்பார் இன்மை என்பனவே அவ்வாய்வு கண்ட காரணங்கள். இவற்றுள் ஒன்றேனும் தாயின் குணக்குறையன்று என்பது ஊன்றி நோக்கற்பாலது. சூழலிற் பிறக்கும் நோயைச் சூழலைத் திருத்தியும் தணிக்கலாம். அதனாலேயே இது குடும்பத்தின் கடமையாக மட்டும் நில்லாது அரசின் கடமையுமாகிறது.

கைகொடுப்பார் இன்மை என்னும் காரணத்திற்கு எம் முன்னோர் ஒரு காப்பு வைத்திருந்தனர். கிழக்கிலங்கையில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் மணமான மகள் தாய்வீட்டிலோ அதன் அயலிலோ குடியிருத்தல் பெருவழக்கு. பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கரைத்துக் கறி சமைத்தல், வேது நீர் வார்த்தல், அடுப்படிப் பக்கம் வரவிடாது ஓய்வளித்தல் ஆகிய யாவும் அவளுடைய தாயின் பொறுப்பு. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும் வரை அவள் தனித்து விடப்படுவதில்லை. இவ்வழக்கத்தில் நீக்கத்தக்க அச்சங்கள் சில கலந்திருப்பினும், தாயையும் பேணவேண்டும் என்னும் அறிவு அதனுள் இருந்தது.

அக்காப்பு இன்று பல வீடுகளிற் சிதைந்துள்ளது. நீண்ட போரும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளும் அயலிற் குடியிருந்த உறவுகளைத் திசைக்கொன்றாகப் பிரித்தன. 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தோர் பலர் 2015, 2016ஆம் ஆண்டுகள் வரை கிளிவெட்டி முதலிய இடங்களில் முகாம் வாழ்க்கை வாழ்ந்தனர். பேரப்பிள்ளையைக் கையேந்த வேண்டிய அம்மம்மா குடும்பக் கடன் தீர்க்க வளைகுடா நாடொன்றில் வீட்டுவேலை செய்யும் நிலையும் உண்டு.

வழக்கம் சிதையாத வீட்டிலும் அது முப்பத்தோராம் நாளோடு முடிகிறது. அரசின் சேவையும் ஏறத்தாழ அவ்வெல்லையிலேயே தளர்கிறது. குடும்பநல உத்தியோகத்தராகிய மருத்துவமாது பேற்றின்பின் முதற்பத்து நாளில் இருமுறையும், பின்னர் நாற்பத்திரண்டாம் நாளளவு வரையும் வீடு வந்து பார்ப்பர். அதன்பின் கிளினிக்கிற் குழந்தையின் நிறை குறிக்கப்படுகிறது, தடுப்பூசி போடப்படுகிறது. குழந்தையைத் தூக்கி வந்தவளின் நலம் வினவப்படுதல் அரிது. நோயோ ஓராண்டுக் காலத்தில் எந்த மாதத்திலும் வரக்கூடியது. ஆகவே வழக்கமும் சேவையும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவதே நல்ல கொள்கையாகும்.

அதற்கு முதற்படி கேட்டறிதல். 1987இல் எடின்பரோவில் வகுக்கப்பட்ட பத்து வினாக்கள் உலகெங்கும் பயன்படுகின்றன. இலங்கையின் தாய்சேய் நலச் சேவையிலும் அவை இடம்பெற்றுள்ளன. ஒருமுறை கேட்டு அமையாது, குழந்தையின் இரண்டாம், நான்காம், ஆறாம், ஒன்பதாம் மாதத் தடுப்பூசி நாட்களிலும் அவற்றைக் கேட்கலாம். தாய் எப்படியும் வரும் நாட்கள் அவை; புதுக்கட்டடமோ புதுப்பயணமோ வேண்டியதில்லை. வினவும் மொழியிற் கருத்து வேண்டும். 'மனச்சோர்வு' என்பது ஏட்டுச் சொல். எம்மூர்ப் பெண் 'யோசனை கூடிப்போச்சு' என்பாள். 'நெஞ்சு பாரமாக் கிடக்கு' என்பாள். அச்சொற்களை அறிந்து செவிகொடுப்பவரிடமே உண்மை வெளிவரும்.

இரண்டாம் படி அருகிலேயே உதவி கிடைத்தல். உளநல வைத்திய நிபுணர் தொகையிற் சிலரே. ஆயினும் பாகிஸ்தானின் இராவல்பிண்டி மாவட்டத்துக் கிராமங்களில், உளமருத்துவம் கல்லாத பெண் சுகாதார ஊழியருக்குக் குறுகிய பயிற்சி அளித்து, மனச்சோர்வுற்ற தாய்மாரோடு வீட்டிலே முறையாக உரையாடச் செய்தனர். ஆறு மாதத்தின்பின் அவ்வுதவி பெற்றோரில் நூற்றுக்கு 23 பேரே நோயுற்றிருந்தனர். பெறாதோரில் 53 பேர். 2008இல் வெளியான இம்முடிவு எமக்கு ஏற்ற பாடம். வீடு செல்லும் மருத்துவமாது எம்மிடம் ஏற்கெனவே உளர். ஒருவருக்கு மூவாயிரம் மக்கள் என்னும் நியமத்தை மீறி அவர் தலையிற் சுமையேற்றாது, அமர்ந்து பேசும் நேரத்தை அவருக்கு அளித்தல் வேண்டும். 2009இற் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அவ்வூரார் நோயாளியோடு துறையிற் காத்து நின்றனர். அரசு முனைந்தபோது அத்தூரம் சுருங்கியது. மூதூரிலும் ஈச்சிலம்பற்றிலும் உள்ள தாய் கைக்குழந்தையோடு பட்டணம் வந்து காத்திராவண்ணம், உளநல வைத்திய அதிகாரி குறித்த நாட்களில் அவ்வவ்வூர்க் கிளினிக்குக்குச் செல்லுதலும் அத்தகைய பாலமே.

மூன்றாவது உடலியக்கம். கருவுற்றவர்களும் பிள்ளை பெற்றவர்களும், மருத்துவத் தடை இல்லாவிடத்து, வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் நடுத்தர அளவான உடலியக்கம் மேற்கொள்ளுதல் நன்று என 2020இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. நாளொன்றுக்கு இருபத்திரண்டு நிமிடம் சற்று விரைந்து நடத்தலே அதற்குப் போதும். கருவுற்ற காலத்து நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் அதனாற் குறைகின்றன, உறக்கம் சீர்ப்படுகிறது, மனச்சோர்வும் ஓரளவு தணிகிறது. கடும் மனச்சோர்வுக்கு அது மருத்துவத்தின் துணையேயன்றி மாற்றன்று. குருதிப்போக்கு, உயர் குருதியமுக்கம், குறைமாதப் பேற்று அச்சம் உள்ளோரும், அறுவைச் சிகிச்சையாற் பிள்ளை பெற்றோரும் வைத்தியரைக் கேட்டே தொடங்குதல் வேண்டும்.

'விடியற்காலை முதல் வீட்டுவேலை செய்பவளுக்கு வேறு நடை எதற்கு?' என்பார் உளர். குனிந்து பெருக்குதலும் குடம் சுமத்தலும் உடலை இயக்கும். உள்ளத்துக்கு ஓய்வு தாரா. தோழியோடு கடற்காற்றில் நடக்கும் அரைமணி நேரம் அவளைத் தனிமையினின்றும் மீட்கிறது. அதற்கு இடம் வேண்டும். துறைமுக நகராகிய எமக்குக் கடற்கரைக்குக் குறைவில்லை. ஆயினும் மாலையில் அவை பெரிதும் ஆடவர்க்கும் உல்லாசப் பயணிகளுக்குமே உரியனபோற் காண்கின்றன. நிழல்மரம், விளக்கு, இருக்கை, தூய கழிப்பிடம், பாலூட்ட ஒரு மறைவிடம் என்பன அமைத்துப் பெண்கள் அச்சமின்றி நடக்கச் செய்தல் உள்ளூராட்சி சபைகளால் இயலாத காரியமன்று. கிராமங்களில் இயங்கும் தாய்மார் ஆதரவுக் குழுக்கள் வாரம் மும்முறை சேர்ந்து நடப்பின், அந்நடையே சோர்ந்திருப்பவளைக் கண்டறியும் வழியுமாகும்.

நடப்பதற்குத் தாய் வெளியே செல்லும் வேளையிற் குழந்தையை ஏந்துவது எவர் கை? இவ்வினாவுக்கு விடை காணாத கொள்கை ஏட்டளவிலேயே நிற்கும். 2018ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தங்கள் தனியார் துறையில் எத்தனையாவது பிள்ளையாயினும் தாய்க்கு 84 நாள் விடுமுறையை உறுதி செய்தன. இது போற்றற்குரியது. ஆனால் கடற்றொழிலாளியின் மனைவிக்கும் நாட்கூலி செய்பவளுக்கும் விடுமுறைச் சட்டம் எட்டுவதில்லை. அவர்களுக்குக் கணவனின் கையும் ஊர்ப் பகற்பராமரிப்பு நிலையமுமே துணை. தந்தையரையும் கிளினிக்குக்கு அழைத்து, நோயின் குறிகளை அவர்க்கு உணர்த்துதல் அவசியம்.

எமது கல்லூரியிற் பயிலும் இளைஞர் நாளை வைத்தியராகவும் எழுதுவினைஞராகவும் சபை உறுப்பினராகவும் வருவர். அவரிற் பெரும்பாலோர் தந்தையரும் ஆவர். வகுப்பறையில் நாம் காணும் பிள்ளையின் பேச்சிலும் கவனத்திலும் அதன் முதலாண்டில் தாய் இருந்த நிலையின் தடம் உண்டு என்பதனை ஆசிரியராகிய நாமும் மறத்தலாகாது. உதவி நாடுவோர் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம். களுத்துறையில் தாயின் உடல்நலப் பணி தொடங்கிய ஆண்டும் அவ்விலக்கமும் தற்செயலாக ஒன்றாக அமைந்தன. பிள்ளை பெற்ற வீட்டுக்குச் செல்வோர் குழந்தையின் முகம் பார்த்தபின், 'பிள்ளை, நீ எப்படி இருக்கிறாய்?' எனத் தாயையும் கேட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை இருந்து கேட்பாராக.