அத்திரம்பாக்கத்துக் கற்கள் கூறுவன

1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில் சரளை வெட்டிய குழி ஒன்றிலிருந்து, இந்திய நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பார் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அப்போது அவருக்கு அகவை இருபத்தெட்டு. அக்குழியைக் கடந்து சென்றோர் பலராயினும், அதனைக் கருவி என்று கண்டவர் அவரே. அதற்குக் காரணம் உண்டு. பிரான்சு நாட்டின் சோம் ஆற்றுச் சரளையில் பூசே த பெர்த் என்பார் திரட்டிய கற்கள் மனிதன் கைப்பட்டவையே என்பதை ஆங்கில அறிஞர் சிலர் 1859இல் நேரில் சென்று கண்டு ஒப்புக்கொண்டிருந்தனர். அவ்வாராய்ச்சியை அறிந்திருந்த கண்களுக்கே பல்லாவரத்துக் கல் புலப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஃபூட், வில்லியம் கிங் என்பாருடன் கொற்றலையாற்றுப் பகுதிக்குச் சென்றார். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கற்கள் மிகுதியாகக் கிடைத்தன.

பல்லாவரத்து நிலம் இன்று கட்டடங்களால் நிறைந்துவிட்டது. அத்திரம்பாக்கமோ இன்றும் பேசுகிறது.

இதனை வகுப்பில் கூறியபோது மாணவர் ஒருவர், “ஆற்றில் உருளும் கல்லும் உடையுமே, ஐயா! மனிதன் உடைத்தது என்று எவ்வாறு துணிவது?” என்று வினவினார். நல்ல வினா. ஆறு உடைக்கும் கல்லில் வடுக்கள் முறையின்றி அமையும், விளிம்புகள் மழுங்கியிருக்கும். கைக்கோடரியிலோ இருமுகத்தும் மாறி மாறிச் செதில் பெயர்த்த வடுக்கள் ஒரே விளிம்பை நோக்கிச் சேரும். ஒருமுனை கூர்மையாகவும் மறுமுனை கைப்பிடிக்கேற்பப் பருத்தும் இருக்கும். ஒரு கல் இவ்வாறு அமைதல் தற்செயலாகலாம். ஓரிடத்தில் நூற்றுக்கணக்கான கற்கள் அதே வடிவில் அமைதல் தற்செயல் ஆகாது. மூலப்பொருளும் தேர்ந்தெடுக்கப்பட்டதே. குவார்ட்சைட் என்னும் கெட்டியான கல், அடித்தால் பொடியாகாமல் கூரிய விளிம்புடன் செதில் செதிலாகப் பெயரும்.

இவை எல்லாவற்றினும் வலிய சான்று மண்ணில் உள்ளது. 1999ஆம் ஆண்டு முதல் சாந்தி பப்புவும் குமார் அகிலேசும் அத்திரம்பாக்கத்தில் முறையாக அகழ்ந்தனர். அங்கே அடியிலுள்ள களிமண் படிவு மிகப் பழைய நிலவியற் காலத்தது என்றும், அதனுள் கருவிகள் இரா என்றும் முன்னையோர் கருதியிருந்தனர். அகழ்ந்து பார்த்தபோது அக்களிமண்ணுக்குள்ளேயே கைக்கோடரிகள் கிடந்தன. மெல்ல நகரும் நீரே நுண்ணிய களிமண்ணைப் படியவைக்கும். அந்நீர் உள்ளங்கை அளவுள்ள கல்லை உருட்டி வருமா? வாராது. ஆகவே கல்லை அங்கே கொணர்ந்தது கையே. பெரிய செதில்களை வேறிடத்தில் பெயர்த்து, இங்கே கொணர்ந்து செப்பம் செய்துள்ளனர் என்பதும் ஆய்வில் தெரியவந்தது. நாளைய தேவையை இன்று எண்ணும் மனம் அதில் தெரிகிறது.

அடுத்து எழுவது காலம் பற்றிய வினா. ஃபூட் தம் காலத்தில் இவை மிகப் பழையன என்று கூற இயன்றதேயன்றி, ஆண்டுக்கணக்குக் கூற இயலவில்லை. இன்று கல்லே கணக்குக் கூறுகிறது. தரைமேல் கிடக்கும் கல்லில் விண்வெளிக் கதிர்கள் படும்போது, அதனுள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் கதிரியக்கத் தனிமங்கள் மிகச் சிறிதளவு தோன்றும். கல் ஆழப் புதைந்தபின் தோற்றம் நின்று சிதைவு மட்டும் நடைபெறும். அலுமினியம் ஏறத்தாழ 7 இலட்சம் ஆண்டுகளில் பாதியாகும். பெரிலியம் பாதியாக ஏறத்தாழ 14 இலட்சம் ஆண்டுகள் வேண்டும். இரண்டும் எஞ்சியுள்ள விகிதத்தைக் கொண்டு கல் புதைந்த காலம் கணிக்கப்பெறும். இம்முறையில் பெற்ற முடிவு 2011இல் வெளிவந்தது: ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள்! மண்ணின் காந்தத் திசையும் தனியே ஆராயப்பெற்றது. புவியின் காந்த முனைகள் இறுதியாக இடம் மாறி ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகள் ஆகின்றன. கருவிகள் கிடந்த படிவு அதற்கு முந்திய திசையையே காட்டியது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு சாட்சிகள் முரண்படாமல் நின்றமையே இம்முடிவுக்கு வலிமை.

தமிழ்த்துறை மலரில் இதனை எழுதுவதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழ்க்குடியின் தொன்மையைப் பாறையின் தொன்மையோடு ஒப்பிட்டுப் பேசும் பழக்கம் நம் மேடைகளில் உண்டு. அத்திரம்பாக்கத்தை அதற்குச் சான்றாகக் காட்டுவோரும் உளர். அது பொருந்தாது. இன்றைய மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகள், மொராக்கோ நாட்டில் கிடைத்தவை, ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகள் பழமையானவையே. 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கொற்றலையாற்றங்கரையில் கல்லைச் செதுக்கியவர் நம் இனத்தவரே அல்லர். நமக்கு முந்திய மனித இனத்தவர். அவர்தம் எலும்பு அத்திரம்பாக்கத்தில் கிடைக்கவில்லை. சில விலங்குகளின் பற்களும் குளம்புச் சுவடுகளுமே கிடைத்தன. அவர் என்ன ஒலித்தார் என்பதைக் கல் கூறாது. இத்தொன்மை நம் நிலத்தின் தொன்மை; மொழியின் தொன்மைக்கு நமக்கு வேறு சான்றுகள் உள்ளன. உள்ளதை விட்டு இல்லாததைக் கோரினால், உள்ளதையும் பிறர் ஐயுறுவர்.

கருவிகளின் கதை கைக்கோடரியோடு முடியவில்லை. மேலடுக்குகளில் பெரிய கைக்கோடரிகள் குறைந்து, முன்னரே திட்டமிட்டுச் செப்பம் செய்த கருக்கல்லிலிருந்து பெயர்த்த சிறு செதிற்கருவிகள் மிகுகின்றன. இம்மாற்றம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியது என 2018இல் அறிவித்தனர். இந்தியாவில் இது மிகப் பிந்தியே, வெளியிலிருந்து வந்தோரால் நிகழ்ந்தது என்ற கருத்து இதனால் ஆட்டம் கண்டது.

ஃபூட் திரட்டிய கற்கள் 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. கொற்றலையாற்றுப் பகுதிக் கருவிகளுக்கெனப் பூண்டி நீர்த்தேக்கத்தருகே மாநிலத் தொல்லியல் துறை ஓர் அகழ்வைப்பகம் அமைத்துள்ளது. அதற்கு அப்பால் காட்டினூடே குடியம் குகைகள் உள்ளன. அவ்வழியே நடக்கும் மாணவர் காலில் இன்றும் ஒரு கைக்கோடரி தட்டுப்படலாம். அதனை எடுத்துப் பையில் இடல் வேண்டா. எந்த மண்ணில், எந்த அடுக்கில் கிடந்தது என்பது அறுந்தபின் அது வெறுங் கல்லே. கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, பூண்டியில் உள்ளோரிடம் தெரிவித்தல் வேண்டும்.